அடுத்தவர் நிரப்பிய தோட்டா

எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் நிற்கிற சின்ன அறைக்கு மனைவி வைத்த பெயர் வெடிக்கடை. உண்மையில் அங்கே வெடிப்பது எதுவுமில்லை. ஒரு மேசை, அதில் முடுக்கிய ஒரு இரும்பு அழுத்தி, ஒரு சின்னத் தராசு, ஒரு விளக்கு. சுவரோடு பூட்டிய பெட்டிக்குள் வெடிமருந்து. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் தோட்டாக்களை நானே நிரப்புகிறேன். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, துப்புரவாக்கி, பழைய அளவுக்கு நெரித்து, அடியில் தட்டினால் தீப்பொறி விடுகிற புதுப் பொட்டு வைத்து, மருந்து அளந்து போட்டு, வாயில் பறந்து போகிற ஈயச் சன்னத்தைப் பொருத்தினால் மறுபடி ஒரு தோட்டா. காவல்துறை அனுமதி, பூட்டு, சாவி எல்லாம் ஒழுங்காக உண்டு. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டில் வேறு கதை கட்டிவிடுவார்கள். ஏற்கனவே கட்டியும் இருக்கிறார்கள்.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற இக்காஸ்ட் நகரத்தில் என் வயதுத் தமிழர் பலருக்குக் கோயில் நிர்வாகசபை இருக்கிறது. சிலருக்குப் பேரப்பிள்ளைகள், சிலருக்கு விடிந்தால் பொழுதுபட்டால் கைப்பேசியில் ஊர்ச் செய்தி. அவர்கள் ஒருவரோடொருவர் சண்டை பிடிக்கிறார்கள். நான் குறி வட்டம் போட்ட கடதாசியைச் சுடுகிறேன். இதில் யார் சாது என்று கேட்டால் மனைவி சிரிப்பாளே தவிரப் பதில் சொல்ல மாட்டாள்.

தொடக்கத்தில் அவள் சிரிக்கவில்லை. வருடக் கடைசி இரவு இந்த நாடு முழுவதும் வாணம் விடும்போது, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, காற்றிழுக்கும் விசிறியைப் போட்டுவிட்டு அதன் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருப்பவள் அவள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் அது அவளை விட்டுப் போகவில்லை. துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தில் சேரப் போகிறேன் என்று நான் சொன்னதும் கறி துழாவிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள். இப்ப காசு குடுத்துச் சத்தம் வாங்கப் போறீங்களோ?"

பேந்தப் பேந்த முழித்தேன். முதல் நாள் சுட்டுவிட்டு வந்த பிறகுதான் சொல்ல முடிந்தது.

"அங்க எல்லாச் சத்தத்தையும் ஓடிக்கொண்டுதான் கேட்டனான். இண்டைக்குப் படுத்திருந்து கேட்டன். சத்தம் வந்தது, ஒருத்தரும் ஓடேல்லை. கடதாசியில ஒரு ஓட்டை. அவ்வளவுதான்."

அவள் நிபந்தனைகள் போட்டாள். துவக்கு அவள் கண்ணில் படக் கூடாது. சுட்ட கதை சாப்பாட்டு மேசைக்கு வரக் கூடாது. தோட்டா நிரப்புவதென்றால் நிரப்பலாம், அது சத்தமில்லாத வேலைதானே என்றாள். அது அவளுக்கும் எனக்கும் இடையில் நடந்த சமாதான உடன்படிக்கை. இதுவரை ஒருவரும் மீறவில்லை.

என்னைக் கழகத்துக்குக் கூட்டிப் போனவர் ஒரு டேனிஷ்காரர். நாங்கள் இருவரும் ஒரே துணி ஆலையில் வேலை செய்தோம். நான் பின்னல் இயந்திரத்தில் நின்றேன். அவர் இயந்திரம் திருத்துகிறவர். என்னைவிட மூத்தவர். எனக்கு முன்னதாகவே ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து, நகரத்துக்கு வெளியே ஒரு சிவப்புக்கல் வீட்டில் தனியாக இருந்தார். மகன் கோப்பன்ஹேகனில், கிறிஸ்மஸுக்கு வந்து போவான். மேற்கு டென்மார்க்கின் யூலாந்துக்காரர், பேச்சுக்கு வரி கட்டுகிறவர் போல அளந்துதான் பேசுவார். புதன்கிழமை பின்னேரம் தோட்டா நிரப்புவார், சனிக்கிழமை சுடுவார். மற்ற நாட்கள் அந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கிற நாட்கள். இதை அவரே ஒருமுறை சொன்னார். அவர் பேசியதெல்லாம் டேனிஷ்தான். ஆனால் அவரை நினைத்தால் எங்கள் தமிழில்தான் அவர் குரல் என் காதில் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தோட்டா நிரப்ப எனக்குப் பழக்கியவரும் அவர்தான். சோம்பல் மனிதருக்கு ஏற்ற வேலை அல்ல அது. மருந்து கறுத்த சிறு நறுக்குகளாக இருக்கும். தராசின் முள் நடுக்கோட்டில் நிற்கும்வரை சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்க வேண்டும். அழுத்தியின் கைப்பிடியை இறக்கும்போது இடியப்ப உரலைப் போல ஒரு இறுக்கம் கைக்குத் தெரியும். அந்த இறுக்கம் மாறினால் எங்கேயோ பிழை என்று அர்த்தம். கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையில் உட்கார்ந்தால் எனக்கு இரத்த அழுத்தம் குறைகிறது. வைத்தியரிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் எழுதித் தருவாரோ என்னவோ.

இனி நான் பட்ட அவமானத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய பெரிய பிறந்தநாள் ஒன்று வந்தது. கழகத்து அறையில் கொண்டாட்டம். மேசை முழுக்கச் சின்னச் சின்னக் கடதாசிக் கொடிகள், அடுக்குக் கேக், கோப்பி. என்ன கொண்டு போவதென்று யோசித்தேன். கடையில் வாங்கியதைக் கொடுப்பது எங்களுக்கு ஒரு பரிசா? கையால் செய்ததைக் கொடுத்தால்தானே மரியாதை. அவருடைய துவக்குக்கும் என் துவக்குக்கும் ஒரே அளவுத் தோட்டா. ஆகவே வாரம் முழுவதும் உட்கார்ந்து ஒரு பெட்டி தோட்டா நிரப்பினேன். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து மினுக்கினேன். பெட்டியைப் பூப்போட்ட தாளில் சுற்றி ரிப்பன் கட்டினேன். மனைவி ஒரு தட்டு ரோல்ஸ் பொரித்துத் தந்தாள்.

அவர் தாளைப் பிரித்தார். பெட்டியைத் திறந்தார். மூடினார். எல்லாரும் பார்த்திருக்க என் பக்கமாக மேசையில் தள்ளிவிட்டார்.

"நை தக்," என்றார். வேண்டாம், நன்றி. அவ்வளவுதான். பிறகு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கொண்டு வந்ததை இப்படித் திருப்பித் தள்ளினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இராது. வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். நாற்பது வருடம் இருந்தாலும் நாங்கள் அவர்களுக்கு அந்நியர்தான் என்றேன். என் கையால் செய்தது அவருக்கு ஆகாது என்றேன்.

"நான் குடுத்துவிட்ட ரோல்ஸை என்ன செய்தவர்?" என்று கேட்டாள் மனைவி.

"திண்டவர். திரும்பவும் எடுத்தவர்."

"அப்ப எங்கட கை பிழையில்லை. நீங்கள் என்னவோ பிழை விட்டிருக்கிறியள். கேளுங்கோ."

கேட்கவில்லை. கோபித்துக்கொண்டு சனிக்கிழமைகளில் போகாமல் விட்டேன். யூலாந்துக்காரரோடு கோபித்துக்கொள்வதில் ஒரு சிக்கல், நாம் கோபமாக இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குச் சளி, தடிமன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் ரோசமும் அலுத்துப் போய் நானே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

"நீ மருந்து போடேக்குள்ள ஆர் உன்னைக் கூப்பிட்டது, நீ என்னத்தை யோசிச்சுக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியாது. நீ என்னைவிட நல்லாச் செய்திருப்பாய். எண்டாலும் அதை நான் சுட மாட்டன். நான் நிரப்பினதை நீயும் சுடக் கூடாது. அது ஆருக்கும் ஆரும் செய்யிறதில்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டா மூடிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. மருந்து இரட்டிப்பாக விழுந்திருந்தால் துவக்கு முகத்துக்கு முன்னால் கிழியும். ஆகவே தான் நிரப்பியதைத் தான் மட்டுமே சுடுவது என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் ஒழுங்கு. அனுமதிக்குப் படித்த பாடத்திலேயே அதைச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அது பிறத்தியாருக்குச் சொன்னது, நெருங்கினவர்களுக்கு இல்லை என்று நினைத்துவிட்டேன். ஒழுங்கு என்றால் எங்களுக்கு எப்போதும் பிறத்தியாருக்குத்தானே.

அதன் பிறகு எங்கள் நட்பு இறுகியது. அவர் என்னைப் பற்றி மனதில் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று தெரிந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தப் பெட்டித் தோட்டாக்களை நானே சுட்டுத் தீர்த்தேன். ஒன்றிலும் பிழை இல்லை. அதை அவருக்குச் சொல்லிக் காட்டவும் செய்தேன்.

ஒரு கோடைகால முடிவில் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கோப்பியில்தான் கவனித்தேன். கோப்பையில் பாதிக்கு மேல் ஊற்ற விடமாட்டார். பிறகு குடிப்பதையே விட்டார், வயிறு சரியில்லை என்றார். கழகத்தில் வயதானவர்கள் மணல் மூட்டையில் துவக்கைச் சாய்த்துச் சுடலாம். மூட்டையில் வைத்தால் நடுக்கம் அடங்கிவிடும், குறி அவருக்குப் பிழைக்காது. ஆனால் அப்படி நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் சனிக்கிழமை வருவது குறைந்தது. கேட்டால் தோட்டா முடிந்துவிட்டது என்பார். தோட்டா முடிகிற மனிதர் அல்ல அவர்.

ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அவருடைய வேலை மேசையின் கீழே, நிலமெங்கும் கறுத்த நறுக்குகள் சிந்திக் கிடந்தன. அடியில் வைக்கும் பொட்டுகள் சில மேசைக் காலோரம் உருண்டிருந்தன. என்னைக் கண்டதும் அறைக் கதவைச் சாத்தினார்.

"இலையுதிர் காலம் முடிய துவக்கைக் குடுத்துடப் போறன்," என்றார்.

"கடையில விக்கிற தோட்டாவை வாங்கிச் சுடலாமே?"

"சுடலாம்," என்றார். "புதன்கிழமை என்ன செய்யிறது?"

வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் அவருடைய நாற்காலி இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழி விழுந்த நாற்காலி. மனைவி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பிறகு எழும்புவதில்லை என்று அவள் சொல்லிச் சொல்லி எனக்குத் தெரியும். நோய் வருத்தத்தால் அல்ல, எழும்பிப் போக ஒரு இடம் இல்லாததால். இவருக்கு இருந்த ஒரே இடம் அந்தப் புதன்கிழமை மேசை.

புத்தி கெட்டு அங்கேயே கேட்டேன். "நான் நிரப்பித் தாறனே?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "உனக்குத் தெரியும்தானே," என்றார்.

எனக்குத்தான் கோபம் வந்தது. வரும் வழியெல்லாம் காருக்குள் அவரையும் அவருடைய ஒழுங்கையும் டென்மார்க்கையும் சேர்த்துத் திட்டினேன். வீட்டில் மனைவி வேலைச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு மேசைக்கு வரக்கூடாத கதைதான், ஆனால் அன்றைக்கு அவள் தடுக்கவில்லை.

"நீங்கள் அந்த அண்ணைக்குப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரித் தீத்திவிடப் பாக்கிறியள்," என்றாள். "எங்கட வேலையில முதல் சொல்லித் தாறதே அதுதான். அவையளுக்காகச் செய்யக் கூடாது, அவையளோட செய்ய வேணும். கோப்பையை நீங்கள் தூக்கி வாயில வைச்சால் அவர் நோயாளி. அவற்ர கைக்குக் கீழ உங்கட கையைப் பிடிச்சால் அவர்தான் குடிக்கிறார்."

"அதுக்கு?"

"இஞ்ச கூப்பிடுங்கோ. அவற்ர கோது, அவற்ர கண், அவற்ர கணக்கு. கை மட்டும் உங்கட. அவர் சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ. உங்கட கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டாம்."

"துவக்குக்காரர் ரெண்டு பேர் வீட்டுக்குள்ள இருந்தால் உமக்குப் பரவாயில்லையோ?"

"துவக்கு வராதுதானே," என்றாள். பிறகு மெதுவாக, "தனிய இருந்து சத்தத்தை நினைக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். தனிய இருந்து சத்தமில்லாததை நினைக்கிறது அதைவிடப் பொல்லாதது," என்றாள்.

அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் வயதில் அதற்கெல்லாம் ஒரு சாட்டு வேண்டும் என்பதால் மடித்த சீருடையை வாங்கி அலுமாரியில் வைத்தேன்.

உதவி என்று சொன்னால் வரமாட்டார். ஆகவே என் அழுத்தியின் கைப்பிடி இறுகிப்போய்விட்டது, ஒருக்கால் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். இயந்திரம் திருத்துகிறவருக்கு அது தட்ட முடியாத அழைப்பு. புதன்கிழமை வந்தார். கைப்பிடியை ஒருமுறை மேலே தூக்கிக் கீழே இறக்கினார். அது வெண்ணெயாக இறங்கியது. என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். அவர் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். காரிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தோடு திரும்பி வந்தார். உள்ளே அவருடைய கோதுகள். காரில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அன்று தொடங்கியது என் அடிமை வாழ்வு. அவர் உயரமான குசினி ஸ்டூலில் உட்கார்ந்து ஆணையிடுவார், நான் செய்வேன். தராசு முள் நடுவில் நின்றாலும் "இன்னும் ஒரு நறுக்கு" என்பார். போட்டால் "கூடிப்போச்சு" என்பார். கோதின் வாயில் எனக்குத் தெரியாத கீறல் அவருக்குத் தெரியும், எறி என்பார். என் மேசையில் என் அழுத்தியில் நான் கூலியாளாகிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எல்லாவற்றிலும் கொடுமை, மருந்து போடும்போது பேசக் கூடாது என்பது. எனக்குக் கை வேலை செய்தால் வாயும் வேலை செய்ய வேண்டும். நான் வாயைத் திறந்தால் அவர் விரலை உயர்த்துவார். அந்த விரல் நடுங்கும். நடுங்குகிற விரலை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் பெட்டி முடிந்ததும் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். இது யார் நிரப்பிய தோட்டா என்ற கேள்வி அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

"கை உன்ர," என்றார் கடைசியில். "பொறுப்பு என்ர."

பெட்டியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை மணல் மூட்டையில் சாய்ந்து சுட்டார். நான் பக்கத்துப் பாயில் சுடாமல் படுத்திருந்தேன். அவருடைய ஒவ்வொரு சத்தத்துக்கும் என் தோள் குலுங்கியது. ஊரில்கூட அவ்வளவு பயந்து சத்தம் கேட்டதில்லை. கடதாசியைக் கொண்டுவந்து பார்த்தபோது ஓட்டைகள் எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் இருந்தன. "பரவாயில்லை," என்றார். யூலாந்தில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

இப்படி ஒரு குளிர்காலம் போனது. புதன் வந்தால் முதலில் அவருடையவை, பிறகு என்னுடையவை. என்னுடையவற்றை நிரப்பும்போது அவருக்கு வேலை இல்லை என்பதால், மருந்து போட்ட கோதுகளைக் குழிப்பலகையில் நிறுத்தி வைத்ததும் கைவிளக்கை அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பார். நான் அதைக் கிழவரின் பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் குசினியிலிருந்து மனைவி "தேத்தண்ணி ஆறுது!" என்று கூப்பிட, நான் "வாறன், வாறன்" என்று சொல்லிக்கொண்டே வரிசையை முடித்தேன். அவர் விளக்கை ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இதுக்குள்ள ஒண்டும் இல்லை," என்றார்.

குனிந்து பார்த்தேன். வெறும் பித்தளை. மருந்தே போடவில்லை. அதை அப்படியே மூடிச் சுட்டிருந்தால், அடிப்பொட்டின் வேகத்தில் சன்னம் குழாயின் நடுவில் போய்ச் சிக்கியிருக்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துவக்கும் இல்லை, நானும் இல்லை. அவர் ஏசவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, "வா, தேத்தண்ணி குடிப்பம்," என்றார். மனைவிக்கு இதை இன்றைக்கும் சொல்லவில்லை. இதை அவள் வாசித்தால் என் கதை கந்தல்.

அதற்குப் பிறகு அவர் விளக்கடித்துப் பார்க்காமல் நான் ஒரு சன்னத்தையும் பொருத்தியதில்லை.

வசந்தம் வந்தபோது நடுக்கம் தோளுக்கு ஏறியிருந்தது. மணல் மூட்டையும் கைகொடுக்கவில்லை. துவக்கின் பூட்டைப் பின்னுக்கு இழுக்கவே அவர் மல்லாட வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை, என் பக்கத்துப் பாயில் கிடந்த அவர் பெட்டியை மூடிவிட்டு, சுடாத தோட்டாக்களோடு எழும்பிப் போய்க் காரில் உட்கார்ந்தார். நான் பின்னால் போகவில்லை. போக வேண்டும் போல இருந்தது, ஆனால் என்ன சொல்வதென்று எந்த மொழியிலும் தெரியவில்லை. அந்தப் புதன்கிழமை அவர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது தடிமன் என்றார். அடுத்த புதனும் வரவில்லை. நான் மேசையில் உட்கார்ந்து கோதுகளை அடுக்கினேன். மருந்தைத் தொடவில்லை. மனைவி அன்றைக்கும் மூன்று கோப்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவர். டேனிஷ்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்கு வருவதென்றால், ஒன்றில் வீடு எரிய வேண்டும் அல்லது ஆள் செத்திருக்க வேண்டும். காற்று வீசிக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொன்னேன். படியிலேயே நின்றார்.

"துவக்கை வித்துப்போட்டன்," என்றார். "கழகத்தில இருக்கிற ஒரு பெட்டைக்கு. கடதாசி வேலையெல்லாம் முடிஞ்சுது."

நான் தலையாட்டினேன்.

"அழுத்தியையும் தராசையும் அவளுக்கே குடுத்தன். இப்ப எனக்கு நிரப்பிறதுக்கு ஒண்டும் இல்லை."

அதற்கும் தலையாட்டினேன். அவர் என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள்ளே பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். இவ்வளவு காலத்தில் அந்த மனிதர் ஒரு வசனத்தைத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தியதை நான் கண்டதில்லை.

"புதன்கிழமை... உங்களுக்கு இடைஞ்சல் இல்லாட்டி... சும்மாதான்..."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. கூடப்பிறந்த ஒருவர் வாசலில் நின்று வரலாமா என்று கேட்டால் வருகிற கோபம் அது. என் டேனிஷ் முழுவதும் என்னை விட்டுப் போய்விட்டது.

"உமக்கென்ன விசரே?" என்று தமிழில் கத்தினேன். "நீர் வராமல் என்ர கோதுக்குள்ள ஆர் பாக்கிறது?"

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியது. மனைவி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். அவள் அவரிடம் டேனிஷில், "அவர் ரெண்டு கிழமையா ஒண்டும் நிரப்பேல்லை," என்றாள். "உங்களை வழி பாத்துக்கொண்டு இருந்தவர்." நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. மறைக்கவில்லை.

அவர் வாசல்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். இரட்டை முடிச்சு. விரல்கள் கயிற்றைப் பிடித்தன, விட்டன, மறுபடி தேடிப் பிடித்தன. நான் குனியப் போனேன். மனைவி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்தினாள். நாள் முழுக்க எத்தனையோ பேருக்குச் சப்பாத்துக் கழற்றிவிடுகிற கை அது. நாங்கள் இருவரும் நின்றோம். கதவு விரியத் திறந்து கிடந்தது. வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு காலை முடித்து மற்றக் காலைத் தொடங்கினார்.